வால்வை மாற்றுவதா, ஆம்ப்ளிஃபையரையே மாற்றுவதா?

என்னிடம் இருப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஓடிஎல் வகை வால்வு (வெற்றிடக் குழாய்) ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர். அதில் ஒலிக் குறிகையை முதலில் பெருக்கும் 6எஸ்என்7 வால்வை மாற்றியபோது, மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) ஒலி சற்றுத் திரண்டு, வலந்தலையின் (வலப்பக்கத்தின்) மீட்டு தெளிவாகப் பிரிந்து கேட்டது. மாற்றம் உண்மைதான், ஆனால் சிறியது. பழைய வால்வுகளை வாங்கும்போது சோதித்துக் காட்டச் சொல்வது நல்லது, ஏனெனில் நான் சோதிக்காமல் வாங்கிய ஒன்று இடது காதில் ஓயாமல் இரைந்தது.

300 ஓம் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கான எதிர்ப்பு) கொண்ட சென்ஹைசர் எச்டி 600 போன்ற ஹெட்ஃபோன் வைத்திருப்பவருக்கு வால்வு மாற்றமே போதும் என்பது என் கருத்து. 32 ஓம் பிளேனார் வகைக்கு (தட்டையான மென்படலம் அதிர்ந்து ஒலிக்கும் ஹெட்ஃபோனுக்கு) மாறியவருக்கோ எந்த வால்வும் உதவாது; ஓடிஎல்லின் அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகம் என்பதால், அத்தகைய ஹெட்ஃபோனுக்குத் தேவையான மின்னோட்டத்தை அதனால் தர இயலாது. அங்கே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபையர்தான் வழி, விலையும் எடையும் கூடினாலும்.

சென்னைக்கே உரிய கணக்கு ஒன்றுண்டு. இத்தகைய ஆம்ப்ளிஃபையரில் ஹெட்ஃபோனை இயக்கும் 6080 வால்வின் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) மட்டுமே 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 16 வாட் இழுக்கிறது. இரண்டு வால்வுகள் எரியும் மேசையருகே கத்திரி வெயிலில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது, திறந்த வகை ஹெட்ஃபோனிலோ அந்த மின்விசிறியின் இரைச்சலும் சேர்ந்தே கேட்கும்.