அரிச்சுவடியா, திரும்பத் திரும்ப வரும் படக்கதையா?

மொரீசியஸில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அ, ஆ என்று எழுத்து வரிசையாகப் போகும் அரிச்சுவடி. மற்றொன்று, ஒரே வாக்கியம் பக்கத்துக்குப் பக்கம் தாளத்தோடு திரும்பி வந்து, ஒரு சொல் மட்டும் மாறுகிற படக்கதை. எங்கள் ஐந்து வயது மகளுக்கு நாங்கள் எடுத்தது படக்கதை. அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

அரிச்சுவடியின் பலம் தெரிந்ததுதான். 247 எழுத்தும் ஒழுங்காக வரும், ல, ள, ழ குழப்பம் தீரும். ஆனால் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு எழுத்து மட்டும்தான் புதிது. வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் என்று வளரும் பிள்ளைக்கோ சொல்லும் புதிது. படக்கதையில் பொருளைப் படமே சொல்லிவிடும்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: வீட்டில் யார் வாசித்துக் காட்டுவது? தேவாரத்தையே ரோமன் எழுத்தில் பார்த்துப் பாடி வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர். என் கணவரும் அப்படித்தான், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். நீளமான கதையைக் கொடுத்தால் இரண்டாம் பக்கத்திலேயே மகள் எழுந்து போய்விடுவாள். “பூனை எங்கே? பெட்டிமேலே. பூனை எங்கே? பெட்டிக்குள்ளே” என்று போகிற கதை என்றால், முதல் பக்கத்தைப் பழகிக்கொண்டால் போதும், மீதி தாளத்திலேயே ஓடிவிடும். தடுமாறாமல் வாசிக்க முடிவதால் மறுநாளும் அவரே புத்தகத்தை எடுக்கிறார். அவளுக்கும் பலன் உண்டு. ‘பெ’யில் கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். இடமிருந்து வலமாக பிரெஞ்சு வாசித்துப் பழகிய கண்ணுக்கு இது தொல்லை. ‘பெட்டி’ பக்கத்துக்குப் பக்கம் வந்ததில் அது பழகிவிட்டது. அப்புறம் ‘பெரிய’வைத் தானே வாசித்தாள்.

மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்களே என்றால், ஆமாம், ஒப்பிப்பார்கள். வாக்கியங்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, படமில்லாமல் கலைத்துக் கொடுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். ங, ஞ வரிசைகள் இந்தக் கதைகளில் அதிகம் வருவதில்லை, அவற்றுக்கு அரிச்சுவடிதான்.

சென்னை துலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படப்புத்தகங்கள் அழகானவை, ஆனால் கடல் தாண்டி வரவழைக்க வேண்டும். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிடலாம். முதல் நிலைக் கதைகளில் தேடுங்கள். எடுக்குமுன் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மரம் ‘மரத்தில்’ என்றும் வீடு ‘வீட்டில்’ என்றும் பக்கத்துக்குப் பக்கம் உருமாறினால் தொடக்கத்தில் வேண்டாம். சொல் உருமாறாமல் திரும்பி வரும் கதையே நல்லது.

பத்து வயதில் தொடங்கும் பிள்ளைக்கும் இதுவே சரிப்படுமா என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. அந்த வயதில் பூனையும் பெட்டியும் சலித்துவிடும், அரிச்சுவடி அவர்களுக்கு வேகமாகவும் இருக்கலாம்.