பழவேற்காடு ஒரு நாள் டூர்: 11,400 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

11,400 ரூபாய். என் போனிலிருந்து, என் கையால், ஒரே தவணையில் அனுப்பினேன். போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பழவேற்காடு போய்வர வேண்டிய பணம். இன்று வியாழன். நாங்கள் தண்டையார்பேட்டை டோல்கேட்டைக்கூடத் தாண்டவில்லை.

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருக்கிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். பணம் வாங்கிய டூர்க்காரன் வலை விரிப்பதே நம்ம ஏரியாவில்தான். புகார் கொடுத்திருப்பதால் பேர் போடவில்லை. ரீல்ஸ் ஓடும் ஒரு ஆப்பில், வடசென்னைக் குடும்பங்களுக்காகவே ஒரு நாள் டூர் நடத்துகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு பக்கம். பார்த்தவர்களுக்குப் புரிந்துவிடும்.

லீவு விட்டதிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள். கத்திரி வெயிலில் 11 மணிக்கு மேல் தெருவில் விட முடியாது. சாயங்காலம் வடிவுடையம்மன் கோயில், இல்லாவிட்டால் கடற்கரைப் பக்கம் காற்று வாங்குவது, அவ்வளவுதான் எங்கள் கோடை. இந்த வருஷம் சீட்டுப் பணம் எடுத்திருந்தேன். அம்மா, அத்தை, அக்கா வீடு எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஒரு நாளாவது வெளியே போய்வரலாம் என்று ஆசைப்பட்டேன். பெரியவர்கள் 6 பேர், தலைக்கு 1,500. பிள்ளைகள் 3 பேர், தலைக்கு 800. வேன், காலை டிபன், டச்சுக்காரர்கள் கல்லறை, லைட்ஹவுஸ், ஏரியில் ஒரு மணி நேரம் படகு, பூநாரை பார்ப்பது, மதியம் மீன் சாப்பாடு, எல்லாம் இதிலேயே அடக்கம் என்று சொன்னான்.

நான் ஏமாந்த இடம் எது என்று எனக்கு நன்றாகவே தெரியும். கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டவில்லை. கேள்வி கேட்டேன். "மீன்பிடித் தடைக்காலத்துல வஞ்சிரம்னு போட்டிருக்கீங்களே, எப்படிங்க?" என்றேன். காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இது தெரியாமல் இருக்குமா? ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அவன் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "அது பழைய போஸ்டர்க்கா. இப்போ ஏரி மீன்தான். மடவை, இறால், நண்டு. நம்ம ஊருக்காரங்ககிட்ட பொய் சொல்ல முடியுமா?" என்றான். விஷயம் தெரிந்த ஆள் என்று அந்த இடத்திலேயே பாதி நம்பிவிட்டேன்.

மீதிப் பாதியை அவன் அக்கறை வாங்கிவிட்டது. அத்தைக்கு முட்டி வலி, வேன் படி ஏறக் கஷ்டப்படுவார் என்றேன். "அவங்களுக்கு 1-ஆம் நம்பர் சீட், டிரைவர் பக்கத்துலயே. கால் வெச்சு ஏற ஒரு ஸ்டூலும் எடுத்துட்டு வரச் சொல்றேன்" என்றான். பிள்ளைகள் பேரைக் கேட்டான். சின்னவளை வீட்டில் எப்படிக் கூப்பிடுவோம் என்று கேட்டான். பத்து நிமிஷத்தில் சீட் லிஸ்ட் படமாக வந்தது. முதல் வரியில் அத்தை பேர், பக்கத்தில் 'முட்டி வலி, முன் சீட்'. கடைசி வரியில் 'குட்டிமா, ஜன்னல் ஓரம்'. என் மகள் அந்தப் படத்தை எத்தனை தடவை திறந்து பார்த்தாள் என்று கணக்கே இல்லை. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், தன் பேரைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

கம்பெனி அக்கவுண்ட்டில் இன்றைக்கு லிமிட் முடிந்துவிட்டது, தம்பி நம்பருக்கு அனுப்புங்கள் என்றான். அனுப்பினேன். 11,400.

ஞாயிற்றுக்கிழமை 4 மணிக்கு எழுந்து, வரும் வழியில் சாப்பிட எலுமிச்சை சாதம் கட்டினேன். 5.45-க்கு டோல்கேட் மெட்ரோ ஸ்டேஷன் கீழே நின்றோம். 6 மணிக்கு வேன் வர வேண்டும். 6.20-க்குப் போன் செய்தால், வண்டி மூலக்கொத்தளம் தாண்டிவிட்டது என்றான். 7 மணிக்கு டயர் பஞ்சர் என்றான். 7.30-க்கு மேல் போனை எடுக்கவில்லை.

எங்களைப் போலவே பையும் பிள்ளையுமாக இன்னும் இரண்டு குடும்பம் அங்கே நின்றிருந்தது. கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பாட்டி நிற்க முடியாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் மருமகளிடம் பேச்சுக் கொடுத்தேன். அவரும் போனை எடுத்துக் காட்டினார். அதே சீட் லிஸ்ட், அதே கட்டம், அதே கலர். முதல் வரியில் அவர் மாமியார் பேர். 1-ஆம் நம்பர், முன் சீட், 'மூச்சு வாங்கும், மெதுவாக ஏற்றவும்' என்று எழுதியிருந்தது. இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. மூன்றாவது குடும்பத்தில் ஒரு தாத்தா. அவருக்கும் 1-ஆம் நம்பர்தான்.

9.30 மணிக்கு வெயில் தாங்காமல் வீட்டுக்குத் திரும்பினோம். கட்டிய சாதத்தைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சின்னவள் சாயங்காலம் வரைக்கும் புது கவுனைக் கழற்ற விடவில்லை, வேன் வந்துவிடும் என்றாள்.

அப்புறம் நடந்ததுதான் இன்னும் ஆத்திரம். திங்கட்கிழமை, "வேன் ஓனர் எங்களையும் ஏமாத்திட்டார்க்கா, நாங்களும் பாதிக்கப்பட்டவங்கதான்" என்றான். பணம் 7 வேலை நாளில் திரும்பி வரும், அதுவரைக்கும் யாரிடமும் சொல்ல வேண்டாம், சொன்னால் ரீஃபண்ட் நின்றுவிடும் என்றான். செவ்வாய்க்கிழமை வேறு ஒரு பெண் எடுத்து, "உங்க புக்கிங்கே எங்க சிஸ்டத்துல இல்லையே மேடம்" என்றாள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். அந்த நம்பர் எங்களுடையது இல்லை என்றாள். புதன்கிழமை மறுபடி அவனே எடுத்து, "ஒரு 11,400 ரூபாய்க்கு எதுக்கு இவ்ளோ போன்?" என்று கேட்டுவிட்டு வைத்தான். அதோடு பிளாக்.

ஒரு 11,400 ரூபாயாம். நான் வீட்டில் தையல் தைக்கிறேன். சாதா பிளவுஸுக்கு 150 ரூபாய் கூலி. 76 பிளவுஸ் தைக்க வேண்டும் அந்தப் பணத்துக்கு. ஹெம்மிங், ஹூக் எல்லாம் கையால் போட வேண்டும். அவனுக்கு அது 'ஒரு'.

அந்த ஆப்பில் பக்கத்தைப் பற்றி ரிப்போர்ட் கொடுத்தேன். விதிமீறல் எதுவும் இல்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது.

நேற்று ராத்திரி கீழ் வீட்டு அக்காவிடம் சொல்லி அழுதேன். அவர் பிறந்த ஊரே பழவேற்காடு பக்கம்தான். போஸ்டரைப் பார்த்ததுமே, "படகுன்னு போட்டிருக்கானா?" என்று கேட்டார். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று அங்கே சுற்றிப்பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். சின்னப் பிள்ளைகளும் அதில் உண்டு. அதற்கப்புறம் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். எனக்கு இது தெரியாது. பூநாரையும் குளிர்காலத்தில்தான் கூட்டமாக வரும், மே மாசத்தில் யாரைக் காட்டப் போகிறான் என்று கேட்டார். வேன் வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. தடை போட்ட படகுச் சவாரிக்கு என் பிள்ளைகளின் பேரைக் கொடுத்துப் பணம் கட்டியிருக்கிறேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். தண்டையார்பேட்டை ஸ்டேஷனிலேயே கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி, பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்கு பஸ் இருக்கிறதாம். இதை ஒரு வாரம் முன்னால் கேட்டிருக்கக்கூடாதா நான்.

இன்று காலை 1930-க்குப் போன் செய்து சைபர் கிரைமில் புகார் பதிவு செய்தேன். எப்போது பணம் அனுப்பினீர்கள் என்றார்கள். போன வாரம் புதன் என்றேன். உடனே சொல்லியிருந்தால் அந்த அக்கவுண்ட்டில் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். 7 வேலை நாள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவன் ஏன் சொன்னான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நாட்களுக்குள் பணத்தை எடுத்துவிடத்தான்.

டூர் புக் பண்ணும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது மனசு ஓடவில்லை. வேன் நம்பர் கேளுங்கள், மஞ்சள் போர்டா என்று பாருங்கள். தம்பி நம்பர், மச்சான் நம்பர் என்றால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். முழுப் பணத்தை முன்னாலேயே கட்டாதீர்கள். அந்த ஊர்க்காரர் யாரையாவது ஒரு வார்த்தை கேளுங்கள். வேன் வரவில்லை என்றால் அங்கே நின்றபடியே 1930-க்குப் போடுங்கள், ரீஃபண்டுக்காகக் காத்திருக்காதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா போன் செய்தாள். அந்தப் பக்கத்தில் வரும் ஞாயிற்றுக்கும் போஸ்டர் போட்டிருக்கிறானாம். அதே படகு, அதே பூநாரை, 'இன்னும் 4 சீட் மட்டும்'. காலை 6 மணி, டோல்கேட். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது பணம் கட்டியிருந்தால் இந்த ராத்திரியே சொல்லிவிடுங்கள்.