ஸ்ட்ராட்டா, லெஸ் பாலா: கோலாலம்பூர் வீட்டுக்கு எது தோது?

முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான். எந்தக் கம்பெனி பெயர் போட்டிருந்தாலும், கடையில் தொங்குவதில் நிறைய இந்த இரண்டு குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவை. கிப்சன் லெஸ் பால் 1952-இல் வந்தது, ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-இல். வேலை முடிந்து வந்து இரவில் கொஞ்ச நேரம் வாசிக்கும் நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாவது அவற்றின் துணை பிராண்டுகள்: ஃபெண்டரின் ஸ்குவையர், கிப்சனின் எபிஃபோன்.

பேச்சு எழுந்தாலே எல்லோரும் சத்தத்தைப் பற்றித்தான் வாதாடுவார்கள். பொழுதுபோக்காக வாசிப்பவர் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும் என்பேன்: எது பழுதாகும், பழுதானால் நம் கையாலேயே சரிசெய்ய முடியுமா? சுருதி நிற்காத கிட்டாரை யாரும் நாலு நாளுக்கு மேல் எடுப்பதில்லை.

சத்தத்தையும் பார்த்துவிடுவோம். ஸ்ட்ராட்டில் மூன்று சிங்கிள் காயில் பிக்அப்கள், அதாவது கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் ஒற்றைச் சுருள்கள். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக, பளிச்சென்று கேட்கும். கூடவே ஓர் இரைச்சலும் வரும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வீட்டு வயரிங்கிலிருந்து அதைத்தான் காயில் பிடித்து ஆம்புக்கு அனுப்புகிறது. காற்றாடி ரெகுலேட்டருக்கும் கணினிக்கும் பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னும் கூடும். நாற்காலியை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், ஏதோ ஒரு திசையில் சட்டென்று குறையும். இப்போதைய ஸ்ட்ராட்களில் நடுப் பிக்அப் பெரும்பாலும் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருப்பதால், ஐந்து நிலை சுவிட்சில் அது பக்கத்துப் பிக்அப்போடு சேரும் 2, 4-ஆம் நிலைகளிலும் இரைச்சல் அடங்கிவிடும். லெஸ் பாலில் இந்தத் தொல்லை இல்லை. 1955-இல் கிப்சனில் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கரில் இரண்டு காயில்கள் எதிரெதிராக நின்று இரைச்சலைக் கழித்துவிடும். சத்தம் கனமாக, நீண்டு நிற்கும். மெல்லிய சுவர் கொண்ட அடுக்குமாடியில் ஹெட்ஃபோன் போட்டு, டிஸ்டார்ஷன் வைத்து வாசிப்பவருக்கு இது பெரிய நிம்மதி. இந்தச் சுற்றில் வெற்றி லெஸ் பாலுக்கே.

நம் பாட்டை வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினிலும், பிரசன்னா கிட்டாரிலும் கர்நாடக இசையை மேடை ஏற்றிக் காட்டிவிட்டார்கள். அந்த இசையில் சுரத்தை அசைக்கும் கமகத்துக்குக் கம்பியை இழுத்து இழுத்து விட வேண்டும். ஸ்ட்ராட்டின் ஸ்கேல் நீளம், அதாவது நெக்கின் (கழுத்தின்) உச்சியில் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து உடலில் தாங்கும் பிரிட்ஜ் வரையுள்ள தூரம், 25.5 அங்குலம் (648 மில்லிமீட்டர்). லெஸ் பாலில் 24.75 அங்குலம், சுமார் 629. அதே கம்பியை அதே சுருதிக்கு ஏற்றினால் நீளம் குறைந்ததில் இறுக்கமும் குறையும், விரல் சுலபமாக இழுக்கும்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் பிரிட்ஜில் இருக்கிறது. ஸ்ட்ராட்டின் ட்ரெமோலோ பிரிட்ஜைப் பின்பக்கத்து ஸ்பிரிங்குகள்தான் பிடித்து நிற்கவைக்கின்றன. பிரிட்ஜ் உடலில் ஒட்டாமல் மிதக்கும்படி வைத்திருந்தால், ஒரு கம்பியை இழுத்ததும் அது முன்னால் சாயும், மற்ற ஐந்து கம்பிகளின் சுருதியும் இறங்கும். தனியாக ஒரு மெட்டு வாசிக்கும்போது தெரியாது. கீழே ஒரு கம்பியை ஷட்ஜமாக ஒலிக்கவிட்டு, மேலே தோடியின் காந்தாரத்தை அசைத்துப் பாருங்கள்: ஒவ்வோர் இழுப்புக்கும் ஷட்ஜம் கீழே சரிந்து சரிந்து ஏறும். காதுக்கு அது பெரிய வேதனை.

லெஸ் பாலில் பிரிட்ஜ் அசையாது, ஷட்ஜம் ஷட்ஜமாகவே நிற்கும். ஆனால் ஸ்ட்ராட்டிலும் இதற்கு வழி உண்டு. பின்மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகடும் அதில் இரண்டு நீளத் திருகுகளும் தெரியும். பிரிட்ஜ் உடலோடு படியும்வரை அவற்றை மாறி மாறி முடுக்குங்கள். போதவில்லை என்றால் இன்னொரு ஸ்பிரிங் போடுங்கள், அல்லது பிரிட்ஜின் அடியில் இருக்கும் உலோக பிளாக்குக்கும் மரத்துக்கும் நடுவே அளவாக ஒரு மரத்துண்டை இறுக்கி வையுங்கள். அப்புறம் சுருதி சேர்த்து, கம்பி உயரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் வீட்டிலேயே முடிகிற வேலை.

பழுது என்று வரும்போதுதான் ஸ்ட்ராட் பக்கம் நான் உறுதியாகச் சாய்கிறேன். அதன் நெக் நான்கு திருகில் நிற்கிறது. கோணிப்போனாலும், அதில் பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்கள் தேய்ந்துபோனாலும் கழற்றி வேறு நெக் மாட்டலாம். லெஸ் பாலில் நெக்கை உடலோடு பசைபோட்டு ஒட்டியிருப்பார்கள். கம்பி முடுக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கும் பின்னால் சாய்ந்திருக்கும், கிப்சனில் 17 பாகை வரை. நட்டுக்குப் பின்னால், நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடுக்காகக் குடைந்த இடத்தில் மரம் மெலிந்து, அதன் ரேகையும் குறுக்கே ஓடுகிறது. நாற்காலியில் சாய்த்து வைத்த லெஸ் பால் வழுக்கி விழுந்தால் உடைவது அந்த இடம்தான். சுத்தமான உடைசலாக இருந்தால் நல்ல மரப்பசை போட்டு இறுக்கிக் கட்டி ஒட்டலாம், நன்றாகவே நிற்கும். ஆனால் அது பழகிய கை செய்யவேண்டிய வேலை. செலவுண்டு, காத்திருக்கவும் வேண்டும். மெத்துப் பையில் போட்டுத் தோளில் மாட்டி, மாலை நெரிசலில் மஸ்ஜித் ஜமேக்கில் ரயில் மாறுகிறவர்கள் இதை நிச்சயம் யோசிக்க வேண்டும். எடையும் ஒரு விஷயம்: முழுக்கனத்தில் செய்த லெஸ் பால் 4 கிலோவைத் தாண்டுவது சாதாரணம்.

நம் ஊர்ப் புழுக்கம் இரண்டையும் ஒரே மாதிரிதான் படுத்தும். கோலாலம்பூர் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ராத்திரி ஏர்கோன் அறையில் மரம் காயும், பகலில் மறுபடி ஊறும், நெக்கின் வளைவும் அதற்கேற்ப மாறும். ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, எட்டாவது ஃபிரெட் அருகே இடைவெளி பாருங்கள். ஒரு பெயர் அட்டை நுழைகிற அளவு, கால் மில்லிமீட்டர் போல, இருந்தால் சரி. கூடுதலாக இருந்தால் ட்ரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுநாள் மறுபடி பாருங்கள். முறுக்க வரவில்லை என்றால் அதோடு நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். வாசித்து முடித்ததும் கம்பியை உலர்ந்த துணியால் துடைத்தால் துரு தள்ளிப்போகும்.

இரண்டுக்கும் நடுவே ஒன்று வேண்டுமென்றால் யமஹா பசிஃபிகா 112 மாதிரி கிட்டாரைப் பாருங்கள்: ஸ்ட்ராட் வடிவம், திருகு போட்ட நெக், பிரிட்ஜ் பக்கம் மட்டும் ஹம்பக்கர். அடுக்குமாடியில் இருக்கும் தொடக்கக்காரருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ராக் மட்டுமே வாசிப்பேன், கிட்டாரை வீட்டைவிட்டு நகர்த்த மாட்டேன் என்பவருக்கு எபிஃபோன் லெஸ் பால், யோசிக்கவே வேண்டாம்.

கற்றுக்கொள்ள எந்தக் கிட்டாரும் போதும். ராக்ஸ்கூல், டிரினிட்டி தேர்வு எழுதவைக்கும் ஆசிரியரிடம் தாளமும் கார்டும் ஒழுங்காக அமையும். கமகம் வேண்டுமானால் கூடவே வாய்ப்பாட்டும் கற்றுக்கொள்ளுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்கள் இருக்கின்றன. பாடத் தெரிந்த சுரத்தைத்தான் விரல் சரியாக இழுக்கும்.

முடா, கேரோசெல் போன்ற இணைய விற்பனைத் தளங்களில் பழைய கிட்டார் கண்டு பார்க்கப் போனால் கைப்பேசி விளக்கைக் கொண்டுபோங்கள். லெஸ் பால் என்றால் நட்டுக்குப் பின்னால் நெக்கின் அடிப்பக்கம் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்து, முடியளவு கோடாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது உடைந்து ஒட்டியதாக இருக்கலாம். கேட்கிற விலையைக் கொடுக்காதீர்கள். ஸ்ட்ராட் என்றால் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சேடில்களின் திருகுகள் துருவேறி இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் பயப்பட வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். கடைசியாகப் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஒவ்வொரு கம்பியாக இழுத்துப் பாருங்கள். இழுத்த சுரம் பாதியில் செத்துப்போனால் ஃபிரெட் வேலை காத்திருக்கிறது, அந்தக் கூலியையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.