எக்செல் சால்வர்: தீவனக் கலவைக்கும் லாரி வாடகைக்கும்

தக்கலை வட்டாரத்தில் மாட்டுத்தீவனம் கலந்து விற்கும் எங்கள் தொழிலுக்கு, எக்செலுடன் கூடுதல் கட்டணமின்றி வரும், நாம் தரும் நிபந்தனைகளுக்குள் மிகச் சிறந்த விடையைத் தேடித் தரும் சால்வர் மிகவும் பொருத்தமான கருவி என்பது என் கருத்து.

தேங்காய்ப் பிண்ணாக்கு, தவிடு, மக்காச்சோளம் ஆகியவற்றின் விலையையும் புரதத்தையும் கட்டங்களில் எழுதி, குறைந்த செலவுக் கலவையைக் கேட்டால் விடை நொடியில் வருகிறது. ஆனால் புரத விழுக்காட்டை வகுத்தலாக எழுதினால் கணக்கு நேரியல் தன்மையை (தேடும் அளவுகளை எண்களால் பெருக்கிக் கூட்டுவது மட்டுமே கொண்ட வடிவத்தை) இழந்துவிடும். மொத்த எடையால் பெருக்கி, கலவையிலுள்ள புரதத்தின் எடை தேவையான அளவுக்குக் குறையக் கூடாது என்று எழுதுவதே சரி. சால்வரின் முறைப் பட்டியலில், நேரியல் கணக்குகளைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸைத் தேர்ந்தெடுப்பதும் அவசியம். 1947-இல் அமெரிக்கக் கணித அறிஞர் டான்ட்சிக் வகுத்த அம்முறை இன்றும் அசராமல் உழைக்கிறது.

நான் பெரிதும் மதிப்பது, விடையுடன் சால்வர் தரும் உணர்திறன் அறிக்கையை. புரத வரம்பைச் சிறிது உயர்த்தினால் செலவு எவ்வளவு கூடும் என்பதை அதிலுள்ள நிழல் விலை காட்டுவதால், பிண்ணாக்கு வியாபாரியிடம் பேரம் பேசும்போது கையில் ஓர் உறுதியான எண் இருக்கிறது.

நாகர்கோவில், மார்த்தாண்டம் கிடங்குகளிலிருந்து குலசேகரம், கருங்கல், குளச்சல் கடைகளுக்கு குறைந்த லாரி வாடகையில் மூட்டை அனுப்பும் கணக்கில் மாறிகள் (சால்வர் கண்டுபிடிக்க வேண்டிய அளவுகள்) ஆறே. இருப்பும் தேவையும் முழு எண்களாக இருந்தால், சிம்ப்ளெக்ஸ் விடையும் முழு மூட்டைகளாகவே வரும். விடை முழு எண்ணாக வேண்டும் என்ற தனி நிபந்தனை வேண்டியதில்லை.

மாறிகள் 200-ஐத் தாண்டக் கூடாது என்ற சால்வரின் வரம்பு பெரிய ஆலைகளுக்குப் போதாது. அவர்கள் வேறு மென்பொருளை நாடலாம்.