முதல் பாட்டைத் தாண்டிவிடாதீர்கள்: ரோம் நகரில் மூன்று டெனர்கள், 1990

இந்தக் குறுந்தகட்டைப் போட்டதும் நேராக பவரொட்டி பாடும் 'நெஸுன் தோர்மா' பாட்டுக்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள்.

1990 ஜூலை 7, ரோம். மறுநாள் அதே ஊரில் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய கரகல்லா குளியல் மாளிகையின் இடிபாடுகளுக்கு நடுவே, திறந்தவெளி மேடையில் லூசியானோ பவரொட்டி, பிளாசிடோ டொமிங்கோ, ஹோசே கரேராஸ் மூவரும் பாடினார்கள். மூவரும் டெனர்கள், அதாவது உச்ச ஸ்தாயியில் பாடும் ஆண் பாடகர்கள். ஃபுளோரன்ஸ், ரோம் என இரண்டு ஊர் ஓபரா (மேற்கத்திய இசை நாடக) வாத்தியக் குழுக்களை ஒரே மேடையில் உட்காரவைத்து நடத்தியவர் பம்பாயில் பிறந்த ஜுபின் மேத்தா. பதிவை வெளியிட்டது டெக்கா இசைத்தட்டு நிறுவனம்.

தொடங்கி வைப்பவர் கரேராஸ். இசையமைப்பாளர் சிலேயாவின் 'லார்லேசியானா' ஓபராவில் வரும் பாட்டு. காதலை இழந்த ஃபெடரிகோ, கதை சொல்ல வந்து பாதியிலேயே தூங்கிப்போன சிறுவனைப் பார்த்து, தனக்கும் அந்த மறதி கிடைக்காதா என்று ஏங்குகிறான். அதைப் பாடுகிற கரேராஸுக்கு 1987-இல் ரத்தப் புற்றுநோய் வந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டு பிழைத்தவர். அந்த நோய்க்காக அவர் தொடங்கிய அறக்கட்டளைக்கு நிதி திரட்டத்தான் இந்தக் கச்சேரியே நடந்தது.

என் அக்காவுக்கும் கீமோதெரபி நடந்தது. வீட்டுக்கு வந்த முதல் வாரம், மாடிப்படியில் ஆறாவது படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏழாவதில் கால் வைப்பாள். அதன் பிறகு இந்தப் பாட்டை நான் கேட்கும் விதமே மாறிவிட்டது. உச்சத்துக்கு ஏறும் முன் கரேராஸ் மூச்சை நிரப்பிக்கொள்கிற இடத்தில் என் மூச்சும் நின்று காத்திருக்கிறது. மேலே அவர் குரலில் சற்று இறுக்கம் இருக்கிறது. இருக்கட்டும், ஏறிவிடுகிறார்.

ஓபரா அரங்குகளில் பாடகர்கள் மைக் இல்லாமல் பாடுவதே மரபு. இங்கே வெட்டவெளி, மைக் வைத்தாக வேண்டும். அதனால் குரல்கள் காதருகே கேட்கின்றன. வயலின்கள் கொஞ்சம் பின்னால் ஒதுங்கிவிடுகின்றன. இந்தக் குறையை டொமிங்கோவின் 'நோ புவேதே சேர்' மறக்கடிக்கிறது. அது ஸ்பெயினின் ஸர்சுவேலா இசை நாடகப் பாட்டு. அவருடைய பெற்றோரே ஸர்சுவேலா பாடகர்கள். தாய்வீட்டுப் பாட்டைப் பாடும் உரிமை ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

எனக்கு ஒட்டாதது, மூவரும் சேர்ந்து பாடும் நீண்ட கதம்பம். ஒரு பாட்டு மனதில் உட்காருவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

'நெஸுன் தோர்மா' என்றால் யாரும் உறங்க வேண்டாம் என்று பொருள். உறக்கத்துக்கு ஏங்கித் தொடங்கிய இரவு இங்கே வந்து சேருகிறது. 'வின்செரோ', வெல்வேன், என்ற கடைசிச் சொல்லில் உச்ச ஸ்வரம் நடு எழுத்தான 'செ'யில்தான் இருக்கிறது. இதற்கு இசையமைத்த புச்சீனி எழுதிவைத்தது கண நேர ஸ்வரம். நீட்டிப் பாடுவது பாடகர்களின் வழக்கம். பவரொட்டி அதை எந்தச் சிரமமும் காட்டாமல் நிறுத்திவைக்கிறார்.

அக்காவுக்குப் பிடித்தது மூவரும் சேர்ந்து பாடும் 'ஓ சோலே மியோ' பாட்டு. பவரொட்டி ஒரு ஸ்வரத்தை வெகுநேரம் அசைத்து அசைத்து நீட்டுவார். மறுபடி பாடும்போது மற்ற இருவரும் சேர்ந்து அதேபோல நீட்டிக் காட்டுவார்கள். கூட்டம் ஆர்ப்பரிக்கும். அந்த இடம் வந்தால் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்று, சிரித்துவிட்டுத்தான் போவாள்.