முடங்கிய மின்படிப்பானை லினக்ஸிலிருந்து மீட்க எந்த வழி நல்லது?

பாதி வரையப்பட்ட அட்டைப்படத்தோடு மின்படிப்பான் (கிண்டில், கோபோ போன்ற இ-ரீடர்) உறைந்து நிற்கிறது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசைவில்லை. மின்சாரமே இல்லாமல் படத்தைத் தக்கவைப்பது இ-இங்க் திரையின் இயல்பு. அதனால் திரையில் தெரிவதை வைத்து, உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது. நாடி பார்க்க வேண்டிய இடம் லினக்ஸ் கணினி. டிமெஸ்ஜி (dmesg) கட்டளையைத் திறந்துவைத்துக்கொண்டு யுஎஸ்பி கம்பியைச் செருகினால், லினக்ஸின் உட்கருவான கர்னல் எழுதும் ஓரிரு வரிகள் பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

அதற்கும் முன்னால் சில மணி நேரம் மின்னேற்றம் செய்யுங்கள். முற்றிலும் வடிந்த பேட்டரி உடனே எழுந்து வராது. பிறகு மின்பொத்தானை 40 வினாடி விடாமல் அழுத்திப் பாருங்கள். ஃபர்ம்வேரை (கருவியை இயக்கும் உள் மென்பொருளை) தொடாமலேயே இதிலேயே மீண்டுவிடும் கருவிகள் உண்டு. மீளவில்லை என்றால்தான் மீதிப் பேச்சு.

வழிகளை எளிமையை வைத்து வரிசைப்படுத்துவது வழக்கம். எனக்கு அந்த வரிசையில் உடன்பாடில்லை. உள்ளே இருப்பதை முதலில் படித்து நகல் எடுக்க விடுகிறதா என்பதே ஒரு வழியின் தரத்தை முடிவு செய்கிறது. படிக்காமல் எழுத வைக்கும் வழி எவ்வளவு சுலபமாக இருந்தாலும் கடைசியில்தான் வர வேண்டும்.

முதல் வழி, ஃபர்ம்வேர் கோப்பை நகலெடுத்து வைப்பது. கருவி சேமிப்பு வட்டாகக் கணினியில் தெரிந்தால் இது கைகூடும். கிண்டிலில் புதுப்பிப்புக் கோப்பை வட்டின் வெளி அடுக்கில் வைக்க வேண்டும். கோபோவில் மறைந்திருக்கும் கோபோ கோப்புறைக்குள் கோபோரூட் என்ற சுருக்கக் கோப்பை வைக்க வேண்டும். ஆனால் அந்தக் கோப்பை எடுத்து நிறுவ வேண்டியது கருவியில் ஏற்கெனவே ஓடும் மென்பொருள்தான். அதுவே விழுந்து கிடந்தால் கோப்பு அப்படியே கிடக்கும். வட்டு தெரியும் நிலையில் நான் ஃபர்ம்வேரை விட்டுவிட்டு வேறொன்றை முதலில் செய்வேன். நூல்கள் இருக்கும் ஃபேட்32 பகுதியை நகலெடுத்துக்கொண்டு, எஃப்எஸ்சிகே (fsck) என்ற கட்டளை கொண்டு சரிபார்ப்பேன். சிதைந்த கோப்பு அமைப்பும், அட்டவணையாக்கத்தைத் திணறடிக்கும் ஒரு பழுதான நூலும் போதும், கருவியை முழுதாக முடக்க. அப்போது ஃபர்ம்வேரை மாற்றி எழுதுவது தலைவலிக்குக் காலில் மருந்து தடவுவது போல.

வட்டு தெரியவில்லை, ஆனால் இணைந்த யுஎஸ்பி கருவிகளைக் காட்டும் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளையின் பட்டியலில் புதிய பெயர் ஒன்று வருகிறது என்றால் இரண்டாம் வழி திறக்கிறது. செயலியின் சிலிக்கனிலேயே பொறிக்கப்பட்ட ஒரு சிறு துவக்க நிரல் உண்டு. அதை யாராலும் அழிக்க முடியாது. கருவியைத் துவக்கும் நிரலான பூட்லோடர் எங்கும் கிடைக்காதபோது ஐ.எம்எக்ஸ் வகைச் செயலிகள் யுஎஸ்பி வழியே நிரலைக் கேட்டுக் காத்திருக்கும். பட்டியலில் அவற்றைத் தயாரித்த பிரீஸ்கேல் நிறுவனத்தின் பெயர் வந்தால் அதுதான் அடையாளம். ஆல்வின்னர் செயலிகளில் இந்த நிலைக்கு ஃபெல் என்று பெயர். இதில் ஒரு விந்தை உண்டு. முற்றிலும் அழிந்த கருவி தானாகவே இந்த நிலைக்கு வந்து நிற்கும். பூட்லோடர் நன்றாக இருந்து அதற்கு மேலுள்ள அமைப்பு மட்டும் பழுதான கருவி வராது. அதை அங்கே கொண்டுவரப் பொத்தான் சேர்க்கையோ, சுற்றுப்பலகையில் ஒரு புள்ளியைத் தொட்டு இணைப்பதோ தேவைப்படும்.

இந்த வழியின் உண்மையான சிறப்பை வழிகாட்டிகள் அதிகம் பேசுவதில்லை. ஐஎம்எக்ஸ்-யுஎஸ்பி-லோடர், சன்க்சி-ஃபெல் போன்ற மென்பொருள்கள் யு-பூட் என்ற பூட்லோடரை நேரே ரேமில் ஏற்றி ஓட்டக்கூடியவை. நிலையான நினைவகத்தில் ஒரு பைட்கூட மாறுவதில்லை. அந்த யு-பூட்டில் யுஎம்எஸ் கட்டளை இருந்தால் உள் நினைவகம் முழுவதும் கணினிக்கு ஒரு வட்டாகத் தோன்றும், நகல் எடுத்துவிடலாம். மாறாக, தயார் நிலையில் கிடைக்கும் ஸ்கிரிப்ட்கள் பல, இணைந்த உடனேயே எழுதத் தொடங்கிவிடும். ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்காமல் அவற்றை ஓட்டாதீர்கள். உற்பத்தியாளர் கையொப்பத்தால் பூட்டிய செயலி என்றால் உங்கள் யு-பூட்டை அது ஏற்காது. குவால்காம் செயலி கொண்ட ஆண்ட்ராய்டு படிப்பான்கள் 9008 என்ற எண்ணோடு பட்டியலில் வரும். அந்த மாதிரிக்குப் பொருந்தும் ஏற்றி நிரல் கையில் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. இந்த நிலையில் கருவி ஒரு தொடர்வாயிலாக (சீரியல் போர்ட்) தெரிவதால், லினக்ஸின் மோடம்மேனேஜர் சேவை அதை மோடம் என்று எண்ணிக் குறுக்கிடலாம். அந்தச் சேவையை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

என் மனம் சாய்வது மூன்றாம் வழியில். கோபோ டச், கிளோ, மினி, ஆரா எச்2ஓ, கிளாரா எச்டி ஆகியவற்றுக்குள் இருப்பது சாதாரண மைக்ரோஎஸ்டி அட்டை. பின்மூடியைப் பொறுமையாக நெம்பித் திறந்து, முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, அட்டையை எடுத்துக் கணினியில் செருகலாம். செருகும் முன் தானியங்கி மவுன்ட்டை (செருகிய வட்டைக் கணினி தானே திறப்பதை) அணைத்துவிடுங்கள். மேசைச்சூழல் எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு அமைப்பில் உள்ள பகுதிகளை மவுன்ட் செய்தால், ஜர்னல் என்ற மாற்றப் பதிவேட்டை மீள ஓட்டிச் சத்தமில்லாமல் எழுதிவிடும். வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளை கொண்டு எந்த வட்டு எது என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, டிடி-ரெஸ்க்யூ (ddrescue) என்ற நகலெடுக்கும் மென்பொருள் மூலம் முழு அட்டையையும் நகலெடுங்கள். கிளாரா எச்டியில் இது 8 ஜிபி. கணினியில் பெரிய இடம் கேட்காது.

முழு அட்டை என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோபோ அட்டையில் மூன்று பகுதிகள் தெரியும்: இயங்கும் அமைப்பு, மீட்பு அமைப்பு, நூல்கள். ஆனால் முதல் பகுதி தொடங்குவதற்கு முன்னுள்ள வெற்றிடம் போன்ற இடத்தில்தான் யு-பூட், கர்னல், வன்பொருள் அமைப்பு விவரம், தொடர் எண், திரைக்கான அலைவடிவத் தரவு (திரையின் புள்ளிகளை எப்படி நிறம் மாற்றுவது என்ற விவரம்) எல்லாம் இருக்கின்றன. பகுதிகளை மட்டும் நகலெடுத்தவர் வீட்டை எடுத்துக்கொண்டு அஸ்திவாரத்தை விட்டுவந்தவர். வேறொருவர் கருவியின் முழுப் பிம்பத்தை எழுதினால் அவருடைய தொடர் எண்ணும் அலைவடிவமும் உங்கள் கருவிக்கு வந்துவிடும். திரை எழுந்தாலும் சாம்பல் நிறங்கள் பொருந்தாமல் போகக்கூடும். உங்கள் நகலில் அந்த முன்பகுதி பிழையின்றிக் கிடைத்தால், பழுதான அமைப்புப் பகுதியை மட்டும் மாற்றி எழுதுங்கள். அட்டையே தேய்ந்து படிப்புப் பிழைகளைக் காட்டினால், அதே நகலைப் புதிய அட்டையில் எழுதுவதோடு பல கருவிகள் மீண்டுவிடும்.

இரண்டாம் வழியையும் மூன்றாம் வழியையும் எதிரெதிரே வைத்தால், மூடியைத் திறக்கும் அச்சம்தான் பலரை யுஎஸ்பி பக்கம் தள்ளுகிறது. உடைந்த பிளாஸ்டிக் கொக்கியோடு வாழலாம். காணாமல் போன தொடர் எண்ணை மீட்க வழி தேடி அலைய வேண்டும். ஆரா ஒன் போல நினைவகம் பலகையில் பற்றவைக்கப்பட்ட கருவிகளுக்கு மட்டும் யுஎஸ்பி வழியை முதலில் வைப்பேன்.

பலகையின் தொடர்முனையில் (சீரியல் போர்ட்) கம்பி இணைப்பது நான்காம் வழி. பெரும்பாலும் நொடிக்கு 115200 பிட் வேகம், படிக்க பிகோகாம் என்ற முனைய நிரல் போதும். பூட்லோடர் எங்கே தடுக்கி விழுகிறது என்று எழுத்தில் சொல்லும் ஒரே வழி இதுதான். ஆனால் மின்னழுத்தத்தை அளக்காமல் இணைக்காதீர்கள். கிண்டில்கள் பலவற்றில் அது 1.8 வோல்ட், 5 வோல்ட் அடாப்டர் செயலியையே கெடுத்துவிடும். தரைக் கம்பியையும் கருவி பேசும் கம்பியையும் மட்டும் இணைத்து முதலில் கேளுங்கள்.

எழுதி முடித்த பின் எழுதியதைத் திரும்பப் படித்து, சிஎம்பி (cmp) கட்டளையால் நகலோடு ஒப்பிடுங்கள். மூடியைப் பொருத்தாமலேயே பேட்டரியை இணைத்து ஆன் செய்யுங்கள். முதல் துவக்கத்துக்குச் சில நிமிடங்கள் ஆகலாம். திரை இரண்டு முறை கறுத்து வெளுத்து அப்படியே நின்றாலும் கம்பியைப் பிடுங்காமல் காத்திருங்கள்.