சீனாய் புனித கேத்தரின் மடம்: மலையேறிய களைப்போடு போகாதீர்கள்

எகிப்தின் சீனாய் பகுதியில் இருக்கும் இந்தப் பழைய கிறிஸ்தவத் துறவி மடத்துக்கு முதல் முறை ஒருநாள் சுற்றுலா வண்டியில் போனேன். கடவுள் மோசேவுக்குக் கட்டளைகள் தந்ததாக விவிலியம் சொல்லும் மோசே மலையை ராத்திரி முழுக்க ஏறி, உச்சியில் விடியலைப் பார்த்துவிட்டு, இறங்கிய கையோடு மடம். கூட்டிப்போனவர் கொடுத்தது நாற்பது நிமிடம். கால் நடுங்க, கண் சொருக, எதைப் பார்த்தேன் என்றே நினைவில்லை. மனசு ஆறவில்லை. இந்த முறை முந்தின நாளே போய்ப் பக்கத்து ஊரில் தங்கி, மடத்துக்கென்றே ஒரு காலையை ஒதுக்கினேன்.

பைசாந்தியப் பேரரசர் (கிழக்கு ரோமப் பேரரசர்) ஜஸ்டினியன் 6ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கருங்கல் மதில். உள்ளே இன்றும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் துறவிகள் வாழ்கிறார்கள். மடத்துக்குள் இருக்கும் கிறிஸ்தவக் கோயிலின் உள்வாசல் மரக்கதவு அந்தக் காலத்ததேதான். பறவை, விலங்கு, இலை என்று செதுக்கியிருக்கிறார்கள். கதவருகே கொஞ்சம் நில்லுங்கள், எல்லோரும் வேகமாகக் கடந்து போய்விடுகிறார்கள். கூரை உத்தரத்தில் உள்ள கல்வெட்டு போன்ற எழுத்து ஜஸ்டினியனின் மனைவி, அரசி தியோடோராவை மறைந்தவராகக் குறிப்பிடுகிறது. அவர் இறந்தது 548இல், ஆகவே கோயில் அதற்குப் பிறகுதான் முடிந்தது என்று கணிக்கிறார்கள். கடவுள் மோசேவோடு பேசியதாக விவிலியம் சொல்லும், எரிந்தும் கருகாத முட்செடி என்று காட்டும் செடி, கல்சுவருக்கு மேல் பச்சைப்பசேல் என்று தொங்குகிறது.

என்னை அசையவிடாமல் நிறுத்தியது காட்சியகத்தில் இருக்கும் கிறிஸ்துவின் படம். உருக்கிய மெழுகில் வண்ணம் குழைத்துப் பலகையில் தீட்டியது, 6ஆம் நூற்றாண்டு. உள்ளங்கையால் முகத்தில் ஒரு பாதியை மறைத்துப் பார்த்தேன்: சாந்தம். மறுபாதியை மறைத்தேன்: புருவம் ஏறியிருக்கிறது, கண்டிப்பான பார்வை. 8ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசு இப்படிப்பட்ட படங்களை அழித்தபோது, சீனாய் முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. அந்த உத்தரவு இங்கே எட்டவில்லை, படம் பிழைத்தது. மதிலுக்குள் ஒரு சிறிய மசூதியும் இருக்கிறது.

சீனாய் விவிலிய ஏடுகளின் (இந்த மடத்தில் இருந்த, மிகப் பழைய கிரேக்க விவிலியக் கையெழுத்துப் பிரதி) கதை மட்டும் வலிக்கிறது. 1859இல் ஜெர்மன் அறிஞர் டிஷன்டார்ஃப் திருப்பித் தருவதாக எழுதிக்கொடுத்து வாங்கிப் போனார். பெரும்பகுதியான 347 ஏடுகள் இப்போது லண்டனில். 1975இல் மடத்திலேயே சில ஏடுகள் அகப்பட்டன என்பது ஒரு ஆறுதல்.

காலையில் சில மணி நேரம்தான் திறப்பார்கள்; வெள்ளி, ஞாயிறு பொதுவாக விடுமுறை. கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம். கதவு திறக்கும் முன்பே போய் நில்லுங்கள். மலையிலிருந்து கூட்டம் இறங்கி வந்துவிட்டால் அந்த முகத்தின் முன்னால் உங்களுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது.